விளக்கெண்ணெய் மணந்த விமானம்

எங்கள் பக்கத்தில் வானத்துக்குப் போகிற எதுவும் திரும்பி வருவதற்காகப் போவதில்லை. ராக்கெட் போகும், வெடிக்கும், குச்சி மட்டும் யார் வீட்டு ஓட்டின் மேலாவது வந்து விழும். பட்டாசு ஆலைகள் நிறைந்த எம். புதுப்பட்டியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அந்த ஒருவழிப் பயணத்தை நம்பித்தான். அதனால் மாமா கொண்டுவந்த விமானத்தில் எனக்கு அதிசயமாகப் பட்டது அது பறந்தது அல்ல. பறந்துவிட்டுத் திரும்பி வந்து அவர் காலடியில் இறங்கியது.

1990-களின் தொடக்கம் அது. மாமா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று சொல்லாமல் அவருடைய எந்தப் பேச்சும் முடியாது. கோடை விடுமுறைக்கு வரும்போது இறக்கையைத் தனியாகக் கழற்றி, லுங்கியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தது வெறும் ரப்பர் பேண்டுகள். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. "விழுந்தா ரப்பர் தெறிச்சு இறக்கை தனியாக் கழண்டுக்கும் மாப்ள. ஆணி வச்சு அடிச்சிருந்தா ரெண்டும் சேர்ந்து நொறுங்கும்" என்றார்.

மரம் பால்சா. தென்னமெரிக்காவில் ஈக்வடாரிலிருந்து வருவது. கையில் எடுத்தால் எடுத்தது தெரியாது. பஸ்ஸில் இடிபட்டு இறக்கையின் விலா ஒன்று விரிந்திருந்தது. அம்மா தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்குவதற்காக வாங்கி வைத்திருந்த, மருந்து முக்காத தீக்குச்சிகளில் சிலவற்றை எடுத்து, கோந்து தடவி, முட்டுக் கொடுத்து ஒட்டினார். வெளிநாட்டு மரமும் எங்கள் வீட்டுத் தீக்குச்சியும் ஒன்றாகச் சேர்ந்து பறக்கப்போகிறது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

என்ஜின் கைக்குள் அடங்கிவிடும். எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்தது. தலையில் ஒரு சின்ன பிளக். அதற்குள் பிளாட்டினம் கலந்த நுண்ணிய கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் பேட்டரியை அதில் தொட்டால் கம்பி சிவக்கும். விசிறியைச் சுண்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு நடக்கிற வினையும் எரிகிற சூடுமே கம்பியைத் தணலாக வைத்திருக்கும். அந்தப் புகையில் விளக்கெண்ணெய் வாடை தூக்கலாக இருக்கும். வயிற்றுக்குக் கொடுப்பார்களே என்று நான் பயந்து ஓடிய அதே வாடை, அந்தக் கோடையில் எனக்குப் பிடித்துப்போனது.

எங்கே பறக்க விடுவது என்பதுதான் பெரிய கேள்வி. பட்டாசு ஆலைகளின் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, பொட்டல் காட்டில் நிற்கும். இரும்புக் கருவிகூட உள்ளே ஆகாது. உரசிப் பொறி வந்தால் போச்சு. சூடேறிய என்ஜினோடு ஒரு விமானம் அந்தப் பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனவே ஞாயிற்றுக்கிழமை மட்டும், எந்த ஆலையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள். அதுவும் விடிந்ததும் போய், காற்று எழும்புமுன் திரும்பிவிட வேண்டும். மாமா மற்றதில் எல்லாம் விளையாட்டுப் பிள்ளை. இதில் மட்டும் தாத்தாவைவிடக் கண்டிப்பு. அந்தக் கண்டிப்புக்காகவே அவரை இன்றும் மதிக்கிறேன்.

விமானத்தை இயக்குகிற ரேடியோ பெட்டியின் ஆன்டெனாவை மடக்கி வைத்துக்கொண்டு அவர் நடந்து நடந்து தூரம் போவார். நான் விமானத்தைப் பிடித்தபடி, வால் துடுப்பு அசைகிறதா என்று பார்த்துக் கத்த வேண்டும். ஆன்டெனா மடங்கியிருக்கும்போதே அவ்வளவு தூரம் கேட்டால், முழுக்க நீட்டினால் வானத்தில் கட்டாயம் கேட்கும் என்பது கணக்கு. பிறகு நான் ஓடி, மூக்கைத் தூக்காமல் நேராக எறிய, அவர் மேலே ஏற்றுவார். தவறினாலும் மீட்க இடம் இருக்கிற உயரம் போனதும் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்.

போகும்போது ஒன்றுமில்லை. இடது என்றால் இடது. சிக்கல் அது நம்மை நோக்கித் திரும்பும்போது. இப்போது அதன் இடது நமக்கு வலது. புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் மூளை மாறி யோசித்து, விரல் மாறி அழுத்தும். விமானம் கவிழ்ந்துகொண்டே இறங்கும். மாமா அதற்கு ஒரே வழிதான் சொன்னார்: "இடமா வலமான்னு நெனைக்காத. எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளு." தாழ்ந்த தோளுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி தள்ளினேன். நிமிர்ந்தது. அதன்பிறகு விரலே பார்த்துக்கொண்டது.

கரையில் வேடிக்கை பார்க்க ஆள் கூடும். ஒருநாள் பட்டாசு ஆலை போர்மேன் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எங்க போயி வெடிக்கும்?"

"வெடிக்காது அண்ணாச்சி. திரும்பி வரும்."

"அப்ப இதுல என்ன லாபம்?" அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமாவும் அப்படியே பதில் சொன்னார். 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவால் மாதிரி விமானத்தை ஓட்டிக் காட்டியதைச் சொன்னார். அவர்களுக்கும் அன்றைக்கு லாபம் இல்லை என்றார். "நம்ம பக்கத்துல இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்கக் கல்கத்தா போனப்ப, ஊர்ல இப்படித்தான் கேட்டிருப்பாங்க அண்ணாச்சி" என்றார். போர்மேன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு என் கையில் இருக்கும்போதே எரிபொருள் தீர்ந்து என்ஜின் நின்றது. பெட்டியை மாமா வாங்கவில்லை. "மூக்க லேசாக் கீழ விடு. வேகம் இருந்தாத்தான் இறக்கை தாங்கும். இழுக்காத... இழுக்காத... இப்ப இழு." வெடிப்பு விட்ட கண்மாய்த் தரையில் வயிறு உரசி, கொஞ்ச தூரம் புழுதி கிளப்பி நின்றது. தீக்குச்சி ஒட்டு விடவில்லை. இறக்கை முழுக்க வழிந்திருந்த விளக்கெண்ணெயைப் போர்மேன் தன் துண்டாலேயே துடைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.