தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றெட்டா?



கார் எஞ்சினைப் பற்றி எழுதுவேன் என்று நான் எண்ணியதே இல்லை. ஆனால் சென்ற பள்ளி விடுமுறையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

என் தம்பியிடம் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் ஒன்று உண்டு. 1991 முதல் 2002 வரை தயாரான வகை. அதன் எஞ்சினில் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் கிடையா. முக்கோண வடிவமுள்ள இரண்டு சுழலிகளே சுற்றுகின்றன. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெலின் பெயரால் அறியப்படும் இந்த ரோட்டரி எஞ்சினை மாஸ்டா 1967இல் தன் காஸ்மோ காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தம்பி தன் பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்டு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலோடு அதன் டர்போவை மாற்றி, காற்றழுத்தத்தை உயர்த்தியிருந்தான்.

வேலை காரணமாக இரண்டு வாரம் வெளிநாடு சென்றபோது சாவியை என்னிடம் தந்தான். "வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டி வைங்கண்ணே. பெட்ரோல் மட்டும் 98 போடுங்க," என்றான்.

ஞாயிறு காலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பெட்ரோல் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. என் சொந்தக் காருக்கு 95 போதும் என்று அதன் கையேடு சொல்கிறது. "98 போடுவது வீண் பெருமை" என்று நண்பர்களுக்கு அறிவுரை கூறுபவன் நான். 2021இல் உயர்த்தப்பட்ட வரி, 98க்கு லிட்டருக்கு 79 காசு. 92, 95க்கு 66 காசு. தம்பிக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்று 95ஐ நிரப்பினேன்.

விரைவுச்சாலையில் நுழையும்போது மற்ற வாகனங்களின் வேகத்தை எட்ட மிதியை அழுத்தினேன். சில நொடிகள்தாம். பெரிய ஓசை எதுவும் கேட்கவில்லை. ஆற்றல் திடீரெனக் குன்றியது. ஓரமாக நிறுத்தியபோது கார் குளிர்காய்ச்சல் கண்டவரைப்போல நடுங்கியது.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவர் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் 'ஏபெக்ஸ் சீல்' என்னும் மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். வாயு கசியாமல் காப்பது அதுவே. இரண்டு சுழலிகளிலும் சேர்த்து ஆறு. அவற்றுள் ஒன்று உடைந்திருந்தது. உடைந்த துண்டு உட்சுவரையும் கீறியிருந்தது.

அவர் விளக்கிய பிறகே ஆக்டேன் எண்ணின் பொருள் எனக்கு விளங்கியது. அது பெட்ரோலின் தரத்தையோ வலிமையையோ குறிக்கும் மதிப்பெண் அன்று. அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் குறிப்பது. ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்பது அளவுகோல். இவற்றை 98க்கு 2 என்று கலந்தால் கிடைக்கும் கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்குவது 98 பெட்ரோல். அழுத்தமும் வெப்பமும் அந்த எல்லையை மீறினால், தீப்பொறி மூட்டிய தீ பரவி வருவதற்குள் எஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும். டர்போ இல்லாத பழைய ரோட்டரி எஞ்சின்கள் குறைந்த ஆக்டேனிலும் ஓடக்கூடியவை. அவற்றுக்கு 98 ஊற்றினாலும் பெரும்பயன் இல்லை. அழுத்தத்தை உயர்த்திய எஞ்சினின் கதை வேறு. அத்தகைய வெடிப்பை ஏபெக்ஸ் சீல் தாங்காது. தட்டும் ஓசை நம் காதுக்கு எட்டுமுன்பே உடைந்துவிடக்கூடும்.

ஆக, என் காருக்கு நான் சொன்னது சரி. தம்பியின் காருக்கு அதே விடை தவறு.

ஆண்டிறுதியில் குடும்பத்தோடு தஞ்சாவூர் செல்ல வைத்திருந்த பணம் எஞ்சினைச் சீரமைக்கப் போயிற்று. ஊர் திரும்பிய தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்பரை மட்டும் சொல்லிட்டேன். ஏன்னு சொல்லாம விட்டது என் தப்புண்ணே," என்றான். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

புதிய எஞ்சினைப் பொருத்தும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: "அழுத்தத்தை உயர்த்தினால் அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும். அது எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லையென்றால் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடு." தம்பி குறைக்கச் சொல்லிவிட்டான். 98ஐயும் விடவில்லை.

பள்ளி திறந்த வாரம், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் ஒரு மாணவனின் தாயார் என்னைச் சந்தித்தார். வாரத்தில் ஐந்து நாள் துணைப்பாடம் போதுமா, ஆறாவது நாளும் சேர்க்கலாமா என்பது அவருடைய கேள்வி. "அவனுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை சார், எதுவுமே சொல்வதில்லை," என்றார். முன்பெல்லாம் நல்ல துணைப்பாட ஆசிரியர் ஒருவரைச் சுட்டியிருப்பேன். இம்முறை, அவன் இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பிறகு நாங்கள் இருவரும் அவனுடைய வார அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நாளை விடுவிக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினோம்.