ஓநாய் நடத்திய பாடம்

1970 மே மாதத்தின் முதல் வாரம். பீட்டில்ஸ் குழு உடைந்த செய்தியின் சூடு லண்டனில் இன்னும் தணியவில்லை. அவர்களுடைய ‘லெட் இட் பி’ இசைத்தட்டு கடைக்கு வர ஒரு வாரம்கூட இல்லை. அந்த நாள்களில் நகரின் தென்மேற்கே, பார்ன்ஸ் பகுதியிலுள்ள ஒலிம்பிக் ஸ்டூடியோவுக்குள் 59 வயதுக் கறுப்பினப் பாடகர் ஒருவர் நுழைந்தார். ஆறடியைத் தாண்டிய உயரம், கதவை அடைக்கும் உடம்பு. முந்தைய ஆண்டுதான் மாரடைப்பு வந்து பிழைத்திருந்தார். உள்ளே அவருக்காகக் காத்திருந்தவர்களின் படங்கள் உலகமெங்கும் இளைஞர்களின் அறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு அப்போது வயது 25. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு 28.

மே 2 முதல் 7 வரை நடந்த அந்த ஒலிப்பதிவு, 1971 ஆகஸ்டில் ‘தி லண்டன் ஹவ்லின் வுல்ஃப் செஷன்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. மொத்தம் 13 தடங்கள். ஹவ்லின் வுல்ஃபின் ஆகச் சிறந்த இசைத்தட்டு இதுதானா என்றால், இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் சிகாகோவில் அவர் பதிவு செய்த பாடல்களுக்கு முன் இது ஒரு படி கீழேதான் நிற்கும். ஆனால் அந்தச் சிகாகோ தட்டுகள் எதிலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஒரு மரபு எப்படிக் கைமாறுகிறது என்பதை, அது கைமாறும் நேரத்திலேயே இதில் கேட்க முடிகிறது.

அவருடைய இயற்பெயர் செஸ்டர் ஆர்தர் பர்னெட். அமெரிக்க அதிபர் ஒருவரின் பெயரைச் சுமந்து, 1910இல் மிசிசிப்பி மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட் அருகே பிறந்தார். ஓநாய்க் கதை சொல்லித் தாத்தா மிரட்டியதில் ஒட்டிக்கொண்ட பட்டம்தான் பின்னாளில் மேடைப்பெயர் ஆனது. சிறுவயதிலேயே தாய் அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அடைக்கலம் தந்த தாத்தா முறை உறவினரோ அடித்து வளர்த்தார். 13 வயதில் அங்கிருந்து ஓடி, மிசிசிப்பி டெல்டாவில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த தந்தையிடம் போய்ச் சேர்ந்தார். கிட்டார் கற்றது 1930 வாக்கில். கற்றுத்தந்தவர் சார்லி பேட்டன். டெல்டா ப்ளூஸின் வேர் என்று எவரைச் சொல்வதானாலும் முதலில் வாயில் வரும் பெயர் அது. மவுத் ஆர்கன், இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனிடம்.

இவ்வளவு கற்றும் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் பதிவு செய்த ‘மோனின் அட் மிட்நைட்’, ‘ஹவ் மெனி மோர் இயர்ஸ்’ என்ற இரண்டு பாடல்கள் அவரைச் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. சொந்தக் காரில், சட்டைப் பையில் சொந்தப் பணத்தோடு சிகாகோ வந்தவன் தான் என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. மேடையில் தவழ்ந்தும் உறுமியும் ஆடித் தீர்த்த இந்த மனிதர், மேடைக்கு வெளியே கணக்கு வழக்கில் கறாரானவர். வளர்ந்த பிறகு இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றார். தன் குழுவினரின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகையைப் பிடித்து ஒழுங்காகக் கட்டினார். ப்ளூஸ் உலகில் அப்படி நடந்துகொண்ட குழுத்தலைவர்கள் அன்று அரிது. மகன் சம்பாதித்துக் கொடுத்த காசைத் தாய் மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. பிசாசின் பாட்டைப் பாடிச் சேர்த்த பணம் என்பது அந்தப் பக்தையின் முடிவு.

அமெரிக்க வெள்ளையர்களில் பெரும்பாலோர் ஹவ்லின் வுல்ஃப் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே ஆங்கிலேய இளைஞர்கள் அவருடைய தட்டுகளைத் தேய்த்துக் கேட்டிருந்தார்கள். கடல் கடந்து வந்த செஸ் தட்டுகள்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். வில்லி டிக்சன் எழுதி, வுல்ஃப் 1961இல் பாடிய சேவல் பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் 1964இல் ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ என்று வெளியிட, அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஷிண்டிக்’ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, ஸ்டோன்ஸ் வுல்ஃபையும் மேடையேற்றினார்கள். அவர் பாடுகிறார், ஸ்டோன்ஸ் அவரைச் சுற்றிக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. கிளாப்டன் இருந்த கிரீம் குழு, ‘ஸ்பூன்ஃபுல்’ பாட்டையும் ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டையும் தன்னுடைய மேடைகளில் முழங்கியது.

எல்லோரும் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெட் செப்பலின் குழு தன் முதல் இசைத்தட்டை 1968இல் இதே ஒலிம்பிக் ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தது. ஒலிப்பதிவுப் பொறியாளரும், பின்னர் வுல்ஃபின் லண்டன் பதிவைச் செய்த அதே கிளின் ஜான்ஸ். அதன் கடைசிப் பாட்டு வுல்ஃபின் ‘ஹவ் மெனி மோர் இயர்ஸ்’ பாட்டிலிருந்து கிளைத்தது. தட்டின் மேலுறையில் வுல்ஃப் பெயர் இல்லை. அடுத்த தட்டில் அவருடைய ‘கில்லிங் ஃப்ளோர்’ இன்னொரு பெயரில் வந்தது. பதிப்புரிமையாளர்கள் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்த பிறகுதான் செஸ்டர் பர்னெட் என்ற பெயர் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் ஏறியது. லண்டன் பதிவைக் கேட்கும்போது இந்தப் பின்னணியும் கூடவே நினைவில் இருப்பது நல்லது.

இந்தச் சேர்க்கையை ஏற்பாடு செய்தவர் செஸ் நிறுவனத்தின் இளம் தயாரிப்பாளர் நார்மன் டேரன். 1969இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை, மைக் புளூம்ஃபீல்ட், பால் பட்டர்ஃபீல்ட் என்ற வெள்ளை இளைஞர்களோடு சேர்த்து ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ என்ற தொகுப்பைச் செய்து பெயர் வாங்கியிருந்தார். ஒரு கச்சேரி நடந்த இடத்தில் கிளாப்டனைக் கண்டவர், ஹவ்லின் வுல்ஃபோடு வாசிக்கச் சம்மதமா என்று கேட்டார். கிளாப்டனால் முதலில் நம்ப முடியவில்லை. கேட்டது நிஜம்தான் என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டு, வாட்ஸையும் பேஸ் கிட்டார் வாசிக்கும் பில் வைமனையும் பியானோவுக்கு இயன் ஸ்டூவர்ட்டையும் அவரே சேர்த்துவிட்டார்.

வுல்ஃப் முதலில் தயங்கினார். அதற்குக் காரணமும் இருந்தது. 1968இல் அதே செஸ் நிறுவனம் அவரை மின்கிட்டார் இரைச்சலுக்கு நடுவே நிறுத்தி ஒரு நவீனத் தொகுப்பைச் செய்தது. அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிறுவனமோ, அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையே அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்து விளம்பரமாக்கியது. 60 வயதை நெருங்கும் ஒரு பெரிய கலைஞரை அப்படி நடத்தியிருக்கக் கூடாது. அந்தக் கசப்புக்குப் பிறகு இன்னொரு இளைஞர் கூட்டத்தோடு உட்கார அவர் சம்மதித்ததே பெரிய விஷயம்.

செலவைக் குறைக்கப் பார்த்த நிறுவனம், ஹியூபர்ட் சம்லினை லண்டனுக்கு அனுப்ப மறுத்தது. 1954 முதல் வுல்ஃபின் பக்கத்திலேயே நின்று வாசித்தவர் சம்லின். ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’ பாட்டு ஓடும்போது குரலைச் சுற்றிச் சுற்றி வளைந்து நெளியும் அந்தக் கிட்டார் அவருடையதுதான். கிளாப்டன் ஒற்றைக் காலில் நின்றார்: சம்லின் வராவிட்டால் தானும் இல்லை. இந்த ஒலிப்பதிவில் கிளாப்டன் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று தோன்றுகிறது. தன்னைவிட நன்றாக அந்தப் பாட்டுகளை அறிந்த ஒரு கிட்டார்காரரைத் தானே கேட்டு வரவழைப்பதற்குத் தனி மனசு வேண்டும்.

முதல் நாள் வாட்ஸும் வைமனும் வர முடியவில்லை. ஆள் தேவை என்ற சேதி பரவியதும் டிரம்ஸில் வந்து உட்கார்ந்தவர் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார். பேஸ் கிட்டாருக்கு பீட்டில்ஸின் நெடுநாள் நண்பர் கிளாவுஸ் ஃபோர்மன். தட்டில் ரிங்கோவின் பெயர் ‘ரிச்சி’ என்று மட்டும் இருந்தது. அன்றைய பதிவிலிருந்து மூலத் தொகுப்பில் இடம்பெற்றது ‘ஐ எய்ன்ட் சூப்பர்ஸ்டிஷியஸ்’ ஒன்றுதான். பிறகு ஸ்டோன்ஸ் தாளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்த வாட்ஸ், தான் வாசித்த பாடல்களில் ஓங்கி அடிக்காமல் ஒதுங்கி நின்று வாசித்திருப்பது இன்றும் ரசிக்கத்தக்கது.

இனி சேவல் பாட்டின் ஒத்திகை. அதைத் தனித் தடமாகவே தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். சாதாரண ப்ளூஸ் பாட்டுக்கு 12 பார் கணக்கு உண்டு. ஒவ்வொரு பாருக்கும் நான்கு அடி. ஐந்தாவது பாரில் கார்ட் மாறும், ஒன்பதாவதில் மறுபடி மாறும். இந்தக் கணக்கைப் புத்தகம் பார்த்தே யாரும் கற்கலாம். வுல்ஃப் பேட்டனிடம் கற்ற டெல்டா பாணி இப்படிக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழாது. வரி முடிய மூச்சு கொஞ்சம் நீண்டால் தாளம் காத்திருக்கும். கார்ட் எப்போது மாற வேண்டும் என்பதைக் குரல் முடிவு செய்யும். ஆறு வருடத்துக்கு முன் இதே பாட்டால் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்களுக்கு, அதைப் பாடிய மனிதர் எதிரில் உட்கார்ந்தபோது எங்கே நுழைவது என்று பிடிபடவில்லை.

தொடங்குகிறார்கள். சில விநாடிகளில் தடுமாறி நிற்கிறார்கள். வுல்ஃப் கிட்டாரை எடுத்து, விரலில் மாட்டிய குழாயைத் தந்திகளின் மேல் இழுத்துக் காட்டுகிறார். அடியை வாயாலேயே எண்ணுகிறார். மாற்றம் எந்த அடியில் விழ வேண்டும் என்று சொல்கிறார். குரலில் கோபம் இல்லை. இதில் என்னப்பா கஷ்டம் என்ற தோரணைதான். அப்போது கிளாப்டன் அடங்கிய குரலில் ஒன்று கேட்கிறார்: நீங்களும் எங்களோடு சேர்ந்து வாசித்தால் உங்களைப் பின்பற்றுவது எங்களுக்குச் சுலபமாக இருக்கும். ‘கிளாப்டன்தான் கடவுள்’ என்று ரசிகர்கள் லண்டன் சுவரில் எழுதி வைத்த காலம் அப்போது கடந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த இளைஞர் தனக்குப் பிடிபடவில்லை என்பதை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் ஒலிவாங்கியின் முன்னால் சொல்கிறார். முதியவர் இசைகிறார். அடுத்த தடத்தில் பாட்டு சரியான நடையில், அவருடைய கிட்டாரைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது.

குருவின் எதிரில் உட்கார்ந்து, ஒரு சங்கதி பிடிபடும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் மாணவனின் நிலை இது. நூற்றுக்கணக்கான முறை தட்டு போட்டுக் கேட்டும் வராதது, ஒரு சில நிமிடங்களில் ஆளைப் பார்த்து வந்துவிட்டது. இந்தத் தடத்தைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பாமல் தொகுப்பில் வைத்ததற்காகவே டேரனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. வலியுறுத்தி வரவழைத்த சம்லினின் கிட்டார் பல பாடல்களில் கிளாப்டனுக்குப் பின்னால் அமுங்கிக் கிடக்கிறது. அங்கே சம்லின் முன்னின்று வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவரை ஏங்க வைக்கும் இடங்கள் நிறைய. லண்டன் நாடாக்களைச் சிகாகோவுக்கு எடுத்துப்போய், பழைய செஸ் கலைஞர் லஃபாயெட் லீக்கின் பியானோவோடு ஊதுகருவிகளையும் சேர்த்தார்கள். பியானோ பொருந்தியது. ஊதுகருவிகள் சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. வுல்ஃபின் தொண்டையும் 1956இல் இருந்த தொண்டை இல்லை. ஆனாலும் ‘ஹைவே 49’ பாட்டிலும் ‘டூ தி டூ’விலும் அந்தக் கரகரப்பு மேலெழும்போது, பக்கத்தில் வாசிப்பவர்கள் யார் என்பதே மறந்துபோகிறது. பெரிய நட்சத்திரங்கள் அத்தனை பேர் கூடியும் தட்டு அவருடையதாகவே இருக்கிறது.

தொகுப்பு பில்போர்டு பட்டியலில் 79ஆம் இடம்வரை ஏறியது. செஸ் நிறுவனம் அதையே வாய்பாடாக்கிக்கொண்டு மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி என்று ஒவ்வொருவரையும் லண்டனுக்கு அனுப்பியது. ஆனால் நிறுவனம் பழைய நிறுவனமாக இல்லை. 1969இலேயே அது கைமாறியிருந்தது. நிறுவனர் லெனர்ட் செஸ்ஸும் அதே ஆண்டில் காலமாகிவிட்டார். வுல்ஃபின் சிறுநீரகம் பழுதடைந்து, டயாலிசிஸ் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. மனைவி லில்லி அதைச் செய்யக் கற்றுக்கொண்டார். அப்படியும் அவர் கச்சேரிகளை விடவில்லை. 1973இல் ‘தி பேக் டோர் வுல்ஃப்’ என்ற கடைசித் தொகுப்பை, லண்டன் நட்சத்திரங்கள் யாரும் இல்லாமல், சம்லினோடும் தன் சொந்தக் குழுவோடும் சிகாகோவில் பதிவு செய்தார். 1976 ஜனவரி 10 அன்று, 65ஆவது வயதில் இறந்தார்.

சம்லின் அதன் பிறகு 35 ஆண்டுகள் வாழ்ந்தார். குரலுக்குப் பின்னால் நின்றே பழகியவர், தன் பெயரில் தொகுப்புகள் வெளியிட்டார், உலகம் சுற்றி வாசித்தார். லண்டனில் அமுங்கிப்போன அந்தக் கிட்டாரைத் தேடி அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. 2011 டிசம்பரில், 80ஆவது வயதில் அவர் காலமானபோது இறுதிச் சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும்.