பங்கருக்குள் இருந்து பார்த்த விமானம்

சென் மிஷேல் நிலையத்தில் இறங்கித்தான் நான் வேலைக்குப் போவது. அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1995 யூலை 25 மாலை, பி வழித்தட ரயிலில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டவர்களுக்கானது. எட்டுப் பேர். எங்கள் குசினியின் பிரெஞ்சுச் சமையல்காரரைக் கேட்டாலும் எட்டு, பழைய பத்திரிகையைப் புரட்டினாலும் எட்டு. எரிவாயுச் சிலிண்டருக்குள் அடைத்த குண்டு என்பது வரை விசாரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுக் குண்டுவெடிப்புகளுக்காக 2002 இல் இருவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. அந்த எட்டைக் காணும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சாவுக் கணக்கில் என்ன பொறாமை என்று கேட்பீர்கள்.

அதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்னர், யூலை 9 ஞாயிற்றுக்கிழமை, நவாலி. 'முன்னேறிப் பாய்தல்' இராணுவ நடவடிக்கை தொடங்கிய நாள். ஷெல்லுக்கு ஓடி வந்த சனம் சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒதுங்கியிருந்தது. மாலை நாலரை மணியளவில் விமானப்படை குண்டு போட்டது. 65 பேர் இறந்தனர், 150 பேர் காயம் என்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உடனேயே அறிக்கை விட்டது. இடிபாடுகளில் இருந்து பல உடல்கள் இன்னும் எடுக்கப்படவில்லை என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. பின்னர் 120 இற்கு மேல் என்றார்கள், 147 என்றார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. மானிப்பாயில் இருந்தோம். விமானம் பதிந்து வந்ததையும் குண்டு கழன்றதையும் நான் கண்டேன் என்றே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்தபோதும் அப்படித்தான் சொன்னேன். முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவன்தான். படிப்பை முடிக்காமலே 2010 இல் இங்கு வந்து சேர்ந்தேன்.

கேஸ் எழுதித் தந்த அண்ணை கெட்டிக்காரர். "தம்பி, சத்தம் கேட்டனான் எண்டால் எடுபடாது. கண்டனான் எண்டு போடுவம். இருநூறு பேர் எண்டும் போடுவம்" என்றார். போட்டோம். விசாரித்த அதிகாரியின் மேசையில் அந்த 65 இருந்தது. மிகுதி 135 பேரும் யார் என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

அன்றிரவு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "நீ எங்க பிளேனைக் கண்டனீ? கிணத்தடிப் பங்கருக்குள்ள என்ர மடியில காதைப் பொத்திக்கொண்டு இருந்தனீ" என்றார். நான் கண்டதாக நினைத்திருந்த விமானம், பிறகு மாமா கையால் காட்டிக் காட்டிச் சொன்ன விமானம்!

மேன்முறையீட்டில் சத்தம் கேட்டது என்று மட்டும் எழுதினேன். அடுத்த நாள் வண்டிலில் போனவர்களைக் கண்டதை எழுதினேன். அது நான் கண்டது. அந்தமுறை விசா கிடைத்தது. அதனால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

சொல்லிலும் இந்தச் சில்லெடுப்பு உண்டு. 1996 ஜனவரி 31 இல் வெடிமருந்து ஏற்றிய லொறியைக் கொழும்பு மத்திய வங்கியில் கொண்டுபோய் மோதியவர்கள் புலிகள். 91 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயப்பட்டார்கள். எங்கள் வாயில் அது 'கொழும்பில் குண்டு வெடித்தது' என்று வரும். நவாலியில் மட்டும் 'குண்டு போட்டான்'. கொழும்புச் செய்திகளில் இது தலைகீழ். தன்வினை பிறவினை படித்தது இதற்குத்தானோ?

இந்த வருட நினைவு மலருக்கு நவாலி பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எத்தனை பேர் என்று போடப் போகிறீர் என்பதுதான் முதல் கேள்வி. பிளோஞ்ச் முடித்துக் கை காய்ந்த பிறகு அம்மாவை எடுத்தேன். எண்ணிக்கை வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினொன்று வந்தது. அடுத்த நாள் காலை அம்மாவே எடுத்தார். ஒரு பிள்ளையை வீட்டுப் பெயரிலும் பள்ளிக்கூடப் பெயரிலும் இரண்டு தரம் சொல்லிப்போட்டன் என்றார்.

ஒன்றை வெட்டினேன். பத்து.