மார்த்தாவுக்கு எழுதிய இசை

இணையக் கலைக்களஞ்சியத்தில் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' கட்டுரையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே இருந்தது முழுக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் புராணம். நடன அமைப்பாளர் மார்த்தா கிரஹாம் ஒரு வரியில் வந்து போகிறார். ஐயா, நடனத்துக்காகவே எழுதிய இசை அது! கோப்லாண்ட் முதலில் வைத்திருந்த பெயரே 'மார்த்தாவுக்கான பாலே'தான். இப்போதைய தலைப்பை ஹார்ட் கிரேனின் கவிதையிலிருந்து எடுத்தவர் கிரஹாம், அதுவும் இசை எழுதி முடித்த பிறகு. ஆனாலும் அப்பலாச்சிய மலைகள் இசையில் அப்படியே கேட்கின்றன என்று ரசிகர்கள் சிலாகித்துக்கொண்டே இருந்தார்கள். கோப்லாண்டுக்கு அது ஒரே வேடிக்கை.

நான் அதிகம் மெனக்கெட்டது அரங்கேற்றப் பகுதிக்குத்தான். 1944 அக்டோபர் 30, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கம். வாத்தியக்காரர்களுக்கு இடம் குறைவு. அதனால் 13 வாத்தியங்கள் மட்டும்: புல்லாங்குழல், கிளாரினெட், பசூன், பியானோ, மீதி ஒன்பதும் வில் போட்டு வாசிப்பவை. இசாமு நொகுச்சி அமைத்த மேடையில் முழு வீடு கிடையாது. முகப்பின் சட்டங்கள், ஒரு ஆடும் நாற்காலி, ஒரு துண்டு வேலி. மணப்பெண் கிரஹாம், மணமகன் எரிக் ஹாக்கின்ஸ், போதகர் மெர்ஸ் கன்னிங்ஹாம். (ஆமாம், பின்னாளில் பெரும் நடன அமைப்பாளரான அதே கன்னிங்ஹாம்.)

1945இல் இசைக்குப் புலிட்சர் பரிசு. அதே ஆண்டு சில பகுதிகளை வெட்டி, முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார் கோப்லாண்ட். கச்சேரிகளில் அதுதான் அதிகம் ஒலிக்கிறது. என் ஓட்டு 13 வாத்தியங்களுக்குத்தான். இதுவரை கேட்காதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.