இந்தாம்மா... ஏய்!

"சீரியலா? அதெல்லாம் அம்மாக்கள் சமாச்சாரம்டா!"

இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருத்தனின் கதைதான் இது. சொந்த ஊர் அரியலூர் பக்கம் ஒரு கிராமம். இன்ஜினியரிங் படித்தது பெரம்பலூரில், ஹாஸ்டல் வாசம். ரெண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் மாசம் ஒரு தடவைதான் வீட்டுக்குப் போவான். போனில் அம்மா "சாப்டியா?" என்பார், இவன் "ம்" என்பான். அதோடு பேச்சு முடிந்தது.

2023-ல் ஒரு ராத்திரி, பக்கத்து அறையில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் நாலு பேர் ஒரே செல்போனை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு மீசைக்காரர் "இந்தாம்மா... ஏய்!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். சன் டிவியின் 'எதிர்நீச்சல்'. வீட்டு மருமகள்களை அடுப்படி தாண்ட விடாத ஆதி குணசேகரனாக மாரிமுத்து.

"ஒரு எபிசோடு பாருடா, செம காமெடி" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவன்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை!

அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்கு என்று மெஸ் வரிசையில் சண்டை. ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்று நாலு மருமகள்களுக்கும் தனித்தனி ரசிகர் மன்றம். மறுநாள் இன்டர்னல் என்றாலும் ஒன்பதரை ஆனால் புத்தகம் மூடிவிடும். போனில் அம்மாவிடம் உளறிவிட்டான். "கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான்டா இதையும் எடுக்குறாரு. உன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டே அதைப் பார்த்தேன்" என்றார் அம்மா. முதல் தடவையாக அந்த போன் பத்து நிமிஷம் ஓடியது.

அந்த மாசம் ஊருக்குப் போனபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். குணசேகரன் கத்தினார். ஹாஸ்டல் பழக்கத்தில் இவன் கெக்கேபிக்கே என்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து அப்பா குரல்: "ஏய், இந்தா... சோத்தப் போடு!"

அம்மா பாதியில் எழுந்தார். ஹாஸ்டலில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்த அதே தொனி. இருபது வருஷமாக இந்தக் குரல் வீட்டில் இருக்கிறது. இவனே எத்தனையோ தடவை அதே குரலில் தண்ணி கேட்டிருக்கிறான். அன்றைக்குத்தான் உறைத்தது.

"நீ பாரும்மா" என்று சொல்லிவிட்டு சோத்துக் குண்டானை இவனே தூக்கிக்கொண்டு போனான். அப்பா ஒரு மாதிரி பார்த்தார். அவரும் ஒண்ணும் சொல்லவில்லை. அவரிடம் எதையும் கேட்க இவனுக்கும் தைரியம் வரவில்லை. வீரவசனமெல்லாம் சீரியலோடு சரி.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். தேனி மாவட்டத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) படங்களை இயக்கியவர். ஊரே திட்டித் தீர்த்த ஆளுக்காக ஊரே அழுதது. அன்றைக்கு ஹாஸ்டலில் யாரும் மிமிக்ரி பண்ணவில்லை.

இவன் முதலில் போன் போட்டது அம்மாவுக்கு. "அந்தாளத் திட்டாம நான் ஒரு நாளும் தூங்கினதில்லடா... பாவம்" என்றவர், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் சீரியல் முடிந்தது. அந்த நாலு பேரும் வேலை தேடி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சிரிக்கத்தான் கூப்பிட்டார்கள், பாவம். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு இன்று வரை தெரியாது. சீரியல் முடிந்தும் அம்மாவோடு பேச்சு மட்டும் நிற்கவில்லை.

சரி, உங்க வீட்டில் ஒன்பதரை மணிக்குச் சோறு போடுறது யாருங்க? :)