29 வயதில் முதல் ஒப்பந்தம்

காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே பொழியூர் கடற்கரை மணலில் பந்து உதைக்கும் பையனுக்கு வழி தெரியும்: சந்தோஷ் கோப்பை, பிறகு ஏதாவது ஒரு கிளப். அந்தக் கிராமத்திலிருந்து அப்படிப் போனவர்கள் பலர். பெண்ணுக்கு நாட்டில் எங்குமே அந்த வழி இருக்கவில்லை.

மணிப்பூரின் இரெங்பாம் கிராமத்தில் பையன்களோடு ஆடி வளர்ந்த பாலா தேவி, 2005-ல், 15 வயதில் இந்திய அணிக்குள் வந்தார். முன்வரிசை ஆட்டக்காரர், கோல்கள் குவிந்தன. சம்பளம் மட்டும் மணிப்பூர் போலீஸ் வேலையிலிருந்துதான் வந்தது. பெண்களுக்கான தேசிய லீக் 2017-ல்தான் பிறந்தது. அதுவும் சில வாரத் திருவிழா. 2018-19 லீக்கில் 7 ஆட்டங்களில் அவர் அடித்தது 26 கோல்! ஆனால் இறுதி ஆட்டத்தில் அவரது போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி, கோப்பையைக் கொண்டுபோனது தமிழகத்தின் சேது அணி.

2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் 18 மாத ஒப்பந்தம் தந்தது. 30-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே பாக்கி. ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரரான முதல் இந்தியப் பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்கள் குறைவு. (ஸ்பெயினிலேயே பெண்கள் லீக்குக்குத் தொழில்முறை அந்தஸ்து 2021-ல்தான் கிடைத்தது. ஆனால் அடுத்த இரண்டே வருடத்தில் அவர்கள் உலகக் கோப்பையை வென்றார்கள்.)

போன வேகத்தில் கொரோனா மைதானங்களைப் பூட்டியது. மதர்வெல் அணிக்கு எதிரான முதல் கோலுக்கு டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் காயம், நாடு திரும்பல். இதோடு முடிந்தது என்றே தோன்றியது.

2024 அக்டோபர், காட்மாண்டு. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்காகத் தன் 50-வது கோலை அடித்தபோது பாலா தேவிக்கு வயது 34.