சைலன்சர் மாற்றும் முன், பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். சிறுமலையில் அவருக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மலைப் பாதைக்காக நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறார். பாறையில் அடிபட்டு சைலன்சர் பெட்டி ஓட்டையாகிவிட்டது. "பெட்டியை எடுத்துட்டு நேர்குழாய் போட்டா இழுவை கூடும், செலவும் மிச்சம்னு பட்டறையில சொல்றாங்க. செய்யலாமா சார்?" என்று கேட்கிறார்.

வேளாண் அலுவலரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு நான் ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். அது தப்பான பதில்.

25 வருடங்களுக்கு முந்தைய கதை. என் அக்கா வீட்டுக்காரருக்கும் சிறுமலையில் தோட்டம். மலைவாழை, எலுமிச்சை, கொஞ்சம் மிளகு. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறி, தார்ச்சாலையை விட்டு இறங்கினால் அப்புறம் மண்ணும் கல்லும்தான். அங்கே குதிரை போகும், ஜீப் போகும். மச்சானும் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அந்த மண்பாதையில் ஒரு நாள் சைலன்சர் பெட்டி கிழிந்து தொங்கியது.

நானும் கூடப் போயிருந்தேன். பட்டறைக்காரர், "பெட்டி வேணாம், குழாயை பின்னச்சுக்கு முன்னாடியே வெட்டி விட்டுருவோம்" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ படிச்சவன், சொல்லு" என்றார். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் பண்ணை இயந்திரப் பாடம் படித்த தைரியத்தில், "தாராளமா வெட்டலாம். இன்ஜின் லேசா மூச்சு விடும்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி அன்றைக்கு நன்றாக இழுத்த மாதிரிதான் இருந்தது. அது காது செய்த மாயம். சத்தம் கூடினால் வேகமும் கூடினதாக மனசு நம்பிவிடும். டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினில் பம்ப் கொடுக்கிற டீசலை ஒட்டித்தான் இழுவை. குழாயை வெட்டியதற்காக பம்ப் கூடுதல் டீசல் கொடுக்காது.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் அடைமழை. ஜீப்பைச் சுற்றிப் படுதாவை இறக்கிக் கட்டி, பின்னால் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். நானும் மச்சானும் முன்சீட்டில், கதவோரம் காற்றோடு. தோட்டத்தில் இறங்கியதும் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா இறங்கவே இல்லை. தூக்கித்தான் இறக்கினோம். நினைவு தப்பியிருந்தது. திறந்த வெளியில் படுக்க வைத்து, அக்கா விசிறி, அரை மணி நேரம் கழித்துக் கண் திறந்தார்.

மறுவாரம் பார்க்கப் போனேன். "புகை வாசம் வந்துச்சுய்யா. வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த ஜீப்பில் ஏறவே இல்லை. வேலை உள்ள நாளெல்லாம் நடந்தே மலை ஏறினார்.

காற்றுக்கு எதிரே மருந்து அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவன் நான். வண்டிப் புகை எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை.

ஓடுகிற வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறையும். அடியில் விட்ட புகை பின்னால் சுழன்று, படுதா இடுக்கு வழியாக உள்ளே ஏறும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். பெட்ரோல் வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டீசலில் குறைவு என்றாலும், பம்ப் சரியில்லாமல் கறும்புகை தள்ளும் பழைய வண்டியை மூடிய படுதாவோடு ஓட்டினால் நடப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரமே ஜீப்பை மதுரைக்குக் கொண்டுவந்தோம். சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வயதான வெல்டிங் மேஸ்திரி இருந்தார். வெட்டுவதற்கு முன் சாக்பீஸ் எடுத்துச் சேஸிஸில் கோடு போட்டார். "குழாயோட கடைசி முனை எங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. மத்தது தானா வரும்" என்றார். அன்று கற்றதை வாசகருக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முனை: உடம்பைத் தாண்டி, பின்பக்கமோ வலப்பக்கமோ புகை போக வேண்டும். தரையைப் பார்த்தும் இருக்கக்கூடாது, இடப்பக்கமும் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதையே சொல்கின்றன. கப்பலூர் டெப்போவுக்குப் போகிற டேங்கர் லாரிகளைக் கவனியுங்கள். புகைக்குழாய் முன்பக்கம் இருக்கும். பின்னால் இருக்கிற சரக்கு அப்படி. எதை ஏற்றுகிறோமோ அதைப் பார்த்துத்தான் முனை.

வழி: குழாயும் பெட்டியும் சேஸிஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக்கூடாது. தொங்கினால் அடுத்த பாறையில் திரும்பவும் கிழியும். டீசல் குழாய், பிரேக் ஹோஸ், வயர் மூன்றுக்கும் பக்கத்தில் போகக்கூடாது. ஆள் ஏற்றும் வண்டியில் எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. மலைப்பாதையில் வண்டி முறுக்கும். அதற்கும் சேர்த்து இன்னும் தள்ளி வையுங்கள்.

அளவு: கம்பெனிக் குழாயின் விட்டத்தை அளந்து அதே அளவு போடுங்கள். சிறியது போட்டால் இன்ஜின் திணறும். டர்போ இல்லாத வண்டிக்கு ரொம்பப் பெரியது போட்டுப் பயனில்லை.

வளைவு: குழாயை வளைக்கும்போது உள்பக்கம் நசுங்கினால் அந்த இடத்தில் அளவு சுருங்கிப்போகும். மேஸ்திரி குழாய்க்குள் நன்றாகக் காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, சூடேற்றி வளைத்தார். ஈர மணலாக இருந்தால் நீராவி வெடித்துவிடும். இப்போது வளைக்கிற இயந்திரம் உள்ள பட்டறைகள் இருக்கின்றன. வளைவுகள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

பிடிப்பு: இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. குழாயைச் சேஸிஸோடு வைத்து வெல்டிங் அடித்தால் ஒரு மாதத்தில் விரிசல் விடும். இன்ஜினுக்குப் பக்கத்தில் வளைந்து கொடுக்கிற இணைப்பு ஒன்று, வழி நெடுக ரப்பர் தொங்கல்கள். இதில் காசு பார்க்காதீர்கள்.

பெட்டி: கட்டாயம் வேண்டும். டிராக்டர் உட்பட எல்லா வண்டிக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது 120-வது விதி. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும். 88 ஆனால் 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் 15 நிமிடம். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

நெருப்பு: வைக்கோலோ காய்ந்த சருகோ குழாய் மேல் படாதபடி இடைவெளி விட்டு ஒரு தகடு கட்டுங்கள். டிராக்டர் மாதிரி குழாயை மேலே தூக்கி வைக்கலாமே என்பார்கள். வைக்கோல் பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அது ஆகாது. பறக்கிற ஒரு பொறி போதும்.

தண்ணீர்: ஓடையைக் கடக்கும்போது குழாய் முனை மூழ்கினாலும், இன்ஜின் ஓடும் வரை புகை தண்ணீரைத் தள்ளும். நடுவில் நின்றுவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆனால் இன்ஜினை உடைப்பது ஏர் ஃபில்டர் வழியாகப் போகிற தண்ணீர்தான். அதன் உயரத்தைப் பார்த்துவிட்டு ஓடையில் இறங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் கருவிகளும் சென்சார்களும் குழாயோடு சேர்ந்தே இருக்கும். அதில் பட்டறை வேலை வேண்டாம்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சொல்லி, ஈரச் சாக்கால் குழாய் முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அடைத்தார். எங்காவது கசிவு இருந்தால் 'உஸ்' என்று கேட்கும். இரண்டு இடத்தில் கேட்டது. திரும்ப அடைத்தார். பெட்டிக்கும் குழாய்க்கும் சேர்த்து ஆன செலவு, முதலில் மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு.

கடைசியில் மச்சான் சாவியை என்னிடம் தந்தார். "நீ ஓட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டு, படுதாவை இறக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்த மூலையில் போய் உட்கார்ந்தார். வைகைக் கரையோரம் அரை மணி நேரம் ஓட்டினேன். இறங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வாடிப்பட்டி வாசகருக்கு என் பதில்: நேர்குழாய் வேண்டாம். பெட்டியோடு கட்டுங்கள். கட்டி முடித்ததும் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, படுதாவை இறக்கி, நீங்களே கொஞ்ச தூரம் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். புகை வாசம் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். அது சரியாகும் வரை அதில் யாரையும் ஏற்றாதீர்கள்.